ஒரு நாளைக்கு எத்தனை டீ?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் டீக்கடை அடுப்பு அணைவதில்லை. மற்ற நாள்களில், விடியுமுன் காய்கறி மூட்டையோடு சந்தைக்கு வரும் விவசாயிக்கும் முதல் ஆகாரம் டீதான். பிறகு வயலில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, ராத்திரி மோட்டார் போடப் போகும்போது ஒன்று என்று கணக்கு நீள்கிறது.

டீ, காபி இரண்டிலும் இருப்பது காஃபீன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையும், டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரையும் காஃபீன் உண்டு. அதாவது, மூன்று டம்ளர் ஃபில்டர் காபியிலேயே வரம்பு நெருங்கிவிடும். கடை கிளாஸ் சிறியதுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து எட்டு, பத்து என்று குடிப்பவர்களே அதிகம்.

அளவு மீறினால் படபடப்பு, கை நடுக்கம், நெஞ்செரிச்சல் வரும். ரத்த அழுத்தமும் ஏறும். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 8 மணிக்குக் குடித்தால் 1 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து படுத்தாலும் கண் மூடாது. காலை அசதிக்கு மறுபடியும் டீ!

இதைவிடக் கவலை பெண்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டீ, காபியில் உள்ள டானின் போன்ற பொருள்கள், கீரை, கம்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. களை எடுக்கும் பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது வழக்கம். முருங்கைக்கீரை சமைத்த பலன் அங்கே பெருமளவு வீணாகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கலாம். கர்ப்பிணிகள் டீ, காபியை இன்னும் குறைப்பதே நல்லது.

பழகியவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆகவே நாலைந்து நாளுக்கு ஒரு கிளாஸ் வீதம் குறைக்கலாம், முதலில் ராத்திரி டீயை. பத்து மணி டீயின் இடத்தில் மோரோ கம்பங்கூழோ வந்தால் வயிறும் நிறையும். குறைத்த பிறகும் நெஞ்சு படபடத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.