பொந்துத் தேனில் போட்ட இறைச்சி

வன்னிக் காடுகளிலும் ஒரு காலத்தில் வேடர் வாழ்ந்தார்கள். இலங்கை வேடர் இறைச்சியைச் சேமித்த விதத்தை, கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார்: மரத்தைக் குடைந்து தேன் விட்டு, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். இல்லாத காலத்துக்கு அது கையிருப்பு.

ஏன் கெடவில்லை? நல்ல தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. அது கிருமியின் உடலிலுள்ள நீரையே இழுத்து எடுத்துவிடும். இறைச்சியின் ஈரத்தால் தேன் கொஞ்சம் இளகினாலும் பரவாயில்லை: தேனீ சேர்த்துவைத்த நொதியம் ஒன்று அப்போதுதான் விழித்துக்கொண்டு ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்கும். புண்ணுக்குப் போடும் அதே கிருமிகொல்லி!

களிமண் எதற்கு? சூட்சுமமே அதில்தான். தேன் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். மாரியில் திறந்து கிடந்தால் நீர்த்து, நுரைத்து, புளித்துவிடும்.