கதை ஏன் நகரவே இல்லை? (ஃபில்லர் எபிசோடு பற்றிய ஒரு விளக்கம்)



நருட்டோ தமிழில் பேச ஆரம்பித்ததிலிருந்து நம்ம வகுப்பில் இன்டர்வெல் மணி அடித்தால் வேறு பேச்சே கிடையாது. ஆனால் சாசுகே ஊரை விட்டுப் போன பிறகு எல்லார் முகமும் தொங்கிப் போச்சு. "டேய், நேத்தும் கதை நகரலைடா!", "ஜவ்வு மாதிரி இழுக்கிறாங்கடா!" என்று ஒரே புலம்பல். சாசுகேவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சகுராவுக்கு வாக்குக் கொடுத்த நருட்டோ, அடுத்து என்ன செய்கிறான்? பிகோச்சு என்கிற ஒரு வண்டைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். அதுவும் 148 முதல் 151 வரை நாலு எபிசோடு!

நானும் திட்டியவன்தான். பிறகு இது ஏன் இப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்தவுடன் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஃபில்லர் என்றால் என்ன?

நாம் டிவியில் பார்க்கும் பெரிய அனிமே தொடர்கள் பெரும்பாலும் மாங்காவிலிருந்து எடுக்கப்பட்டவை. மாங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ். நருட்டோவை எழுதி வரைந்தவர் மசாஷி கிஷிமோட்டோ. 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் 1999 முதல் 2014 வரை, மொத்தம் 700 அத்தியாயங்கள் வரைந்தார். அதே இதழில் 1997-இல் எய்ச்சிரோ ஓடா தொடங்கியதுதான் 'ஒன் பீஸ்'.

மாங்காவில் இல்லாத, டிவிக்காரர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் எபிசோடுதான் ஃபில்லர். அதாவது இடத்தை நிரப்புவது.

சரி, ஏன் நிரப்ப வேண்டும்? அதற்கு ஒரு கணக்கு இருக்கு.

தொட்டிக் கணக்கு!

பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான். ஒரு தொட்டியில் 100 குடம் தண்ணீர் இருக்கிறது. ஒரு குழாய் வாரத்துக்கு 1 குடம் ஊற்றுகிறது. இன்னொரு குழாய் வாரத்துக்கு 2 குடம் வெளியே விடுகிறது. தொட்டி எப்போது காலியாகும்? 100 வாரத்தில். அதாவது இரண்டு வருடம் கூட முழுசா ஆகாது.

ஊற்றுகிற குழாய் மாங்கா. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், சுமார் 19 பக்கம்தான் வரும். வெளியே விடுகிற குழாய் அனிமே. பாட்டெல்லாம் போக ஓர் எபிசோடு இருபது நிமிடம் ஓடும். அதற்குள் ஏறக்குறைய இரண்டு அத்தியாயத்தை விழுங்கிவிடும்.

நருட்டோவில் இது அப்படியே நடந்தது. அனிமே தொடங்கியது 2002 அக்டோபரில். அப்போது மாங்கா மூன்று வருடம் முன்னால் இருந்தது. ஆனால் 135-ஆவது எபிசோடு வருவதற்குள், மாங்காவின் முதல் பாகத்தில் இருந்த முக்கியக் கதையை எல்லாம் டிவி காட்டி முடித்துவிட்டது. தொட்டி காலி! கிஷிமோட்டோ அப்போதுதான் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியிருந்தார்.

அதனால் 136-இலிருந்து 220 வரை ஏறக்குறைய எல்லாமே ஃபில்லர். 2007 பிப்ரவரியில் அந்தத் தொடர் முடிந்தது. அடுத்த வாரமே 'ஷிப்புடென்' தொடங்கியது. இடையில் தொட்டி கொஞ்சம் நிரம்பியிருந்தது.

நிறுத்தி வைக்கலாமே?

எனக்கும் இதே சந்தேகம்தான். மாங்கா வரும்வரை நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கினால் என்ன?

டிவியில் வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரம் என்று ஒதுக்கித் தருகிறார்கள். அந்த நேரத்தை நம்பித்தான் விளம்பரம், பொம்மை விற்பனை, படம் வரைகிறவர்களின் வேலை எல்லாம் இருக்கிறது. ஒரு வருடம் காலியாக விட்டால் அந்த இடத்தில் வேறு நிகழ்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் எழுந்து போனால் சீட்டு போய்விடும் இல்லையா, அந்த மாதிரி. துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறோமே, அந்தத் துண்டுதான் ஃபில்லர்!

ஃபில்லருக்கும் சட்டம் உண்டு

ஃபில்லர் எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவார். நாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சாயங்காலம் விளக்குப் போடலாம். பீரோவை இடம் மாற்றக் கூடாது. ஃபில்லர் எழுதுகிறவர் நிலைமையும் அதுதான்.

1. முக்கியமான யாரும் சாகக் கூடாது.

2. பெரிய ரகசியம் எதுவும் வெளியாகக் கூடாது.

3. புதிதாக வந்தவர்கள் கடைசியில் கையசைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

4. முடியும்போது எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும்.

நான் சொன்ன வண்டு கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசியில் ஹினாட்டா கஷ்டப்பட்டு ஒரு புது வித்தையைச் செய்து காட்டுவாள். பார்க்கவே சந்தோஷமா இருக்கும். ஆனால் மாங்காவில் அந்த வித்தை கிடையாது. அவள் பட்ட பாடு மூலக்கதைக்குத் தெரியவே தெரியாது. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

வேறு என்னென்ன வழி?

தொட்டி காலியாகாமல் இருக்க வேறு வழிகளும் உண்டு.

முதல் வழி, இழுப்பது. 'டிராகன் பால் இசட்'டில் (1989 முதல் 1996 வரை, 291 எபிசோடு) இன்னும் ஐந்தே நிமிடத்தில் நமெக் கிரகம் வெடிக்கும் என்று ஃபிரீசா சொல்வான். அந்த ஐந்து நிமிடம் பல எபிசோடு ஓடும்! முறைப்பார்கள், கத்துவார்கள், மேகம் ஓடும், பாறை உடையும். பிறகு 2009-இல் இதையே வெட்டிச் சுருக்கி 'டிராகன் பால் காய்' என்று வெளியிட்டார்கள். இசட்டில் 194 எபிசோடாக வந்த கதை 97 எபிசோடில் அடங்கிவிட்டது. சரிபாதி! ஒன் பீஸும் பின்னாளில் தனி ஃபில்லரைக் குறைத்துக்கொண்டு, ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயம் அல்லது அதற்கும் குறைவு என்று மெதுவாக ஓடியது.

இரண்டாவது வழி, முந்திக்கொண்டு தாங்களே முடித்துவிடுவது. ஹிரோமு அரகாவா என்ற பெண் எழுதி வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மாத இதழில் வந்தது. 2003-இல் அனிமே தொடங்கியபோது மாங்கா பாதிகூட ஆகவில்லை. அதனால் டிவிக்காரர்கள் பாதிக்கு மேல் சொந்தக் கதையாகப் போட்டு 51 எபிசோடில் முடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அரகாவாவின் முடிவு அது இல்லை. அதனால் 2009-இல் மறுபடியும் முதலிலிருந்து, மாங்காவில் உள்ளபடி 64 எபிசோடு எடுத்தார்கள்.

மூன்றாவது வழி, நிறுத்தி நிறுத்திப் போடுவது. இப்போது பெரும்பாலும் இதுதான். 'டீமன் ஸ்லேயர்' 2019-இல் வந்தது முதல் சீசன் சீசனாகத்தான் வருகிறது. வாரம் தவறாமல் ஓடும் தொடர் என்று பெயர் வாங்கிய ஒன் பீஸே, 2026 முதல் வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டது.

ஃபில்லர் எல்லாம் குப்பையா?

பொய் சொல்ல மாட்டேன். எண்பதுக்கு மேற்பட்ட எபிசோடு வரிசையாக ஃபில்லர் என்றால் யாருக்கும் பொறுமை போகும். எனக்கும் போச்சு. ஆனால் எல்லாவற்றையும் தாண்டிவிட்டால் சில நல்ல விஷயங்களும் போய்விடும்.

நருட்டோவில் 101-ஆவது எபிசோடு ஃபில்லர்தான். காகாஷி வாத்தியாரின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மூன்று பேரும் திட்டம் போடுவார்கள். ராமென் கடைக்குக் கூட்டிப் போனால், அவர் முகமூடியை இறக்கும் சரியான நேரத்தில் நண்பர்கள் வந்து மறைத்துக்கொள்வார்கள்! கடைசியில் அவரே கழற்றிக் காட்டுவார். உள்ளே... இன்னொரு முகமூடி! இரண்டாவது சட்டத்தை மீறாமலே நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார்கள் பார்த்தீர்களா?

ஒன் பீஸில் 196 முதல் 206 வரை 11 எபிசோடு, ஜி-8 கதை. மாங்காவில் லூஃபி கூட்டம் வானத் தீவிலிருந்து இறங்கி நேராகக் கடலில் விழும். அனிமேயில் அந்த விழும் இடத்தை மட்டும் மாற்றினார்கள். யாராலும் நுழைய முடியாத நவரோன் என்ற கடற்படைக் கோட்டைக்கு நட்ட நடுவே தொப்பென்று விழுகிறார்கள்! ஆளுக்கொரு வேஷம் போட்டு ஒளிந்து திரிகிறார்கள். அங்கே ஜோனதன் என்றொரு அதிகாரி. மீன் பிடித்துக்கொண்டே யோசிக்கிறவர். கத்த மாட்டார், அவசரப்பட மாட்டார். ஃபில்லர் என்று தெரியாமலே பார்த்தேன். தெரிந்த பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

பெரிய கதையில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஃபில்லரில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள், சும்மா இருப்பார்கள். கோகுவும் பிக்கோலோவும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனது கூட ஃபில்லரில்தானே!

நம்ம சுவர் இதழில் நடந்தது

கடைசியாக ஒன்று. போன வருடம் இதே பலகையில் ஓர் அக்கா தொடர்கதை எழுதினார்கள். ஞாபகம் இருக்கா? இரண்டு பகுதி வந்தது. மூன்றாவது வர வேண்டிய மாதம் அவர்களுக்கு டைபாய்டு. இரண்டு மாதம் பள்ளிக்கே வரவில்லை. படிக்கிற எல்லாரும் "அடுத்து என்ன, அடுத்து என்ன" என்று எங்களைத் துளைத்தார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து நாங்களே மூன்றாம் பகுதியை எழுதிவிட்டோம். கதாநாயகனின் அப்பாவைச் சாகடித்து, கதையையே முடித்துவிட்டோம்! பெருமையாக ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

ஐயா முழுக்கப் படித்தார். திட்டவில்லை. "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா இது அந்தப் பொண்ணோட கதை. அது வந்து எழுதட்டும். அதுவரைக்கும் அந்த இடத்துல நாலு துணுக்கு போடுங்க" என்றார்.

எங்களுக்கு முகம் சுருங்கிப் போச்சு. வேறு வழியில்லாமல் இரண்டு மாதமும் விடுகதை, பொன்மொழி, கோலப் புள்ளிக் கணக்கு என்று போட்டு நிரப்பினோம். "என்னடா இது, துணுக்கா போட்டு ஏமாத்துறீங்க" என்று எங்களையும் திட்டினார்கள்.

அக்கா திரும்பி வந்து மூன்றாம் பகுதி எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் சாகடித்த அந்த அப்பாதான் கதையையே திருப்பிப் போடுகிறவர்! எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் பகுதியைப் பலகையில் ஒட்டியிருந்தால் அந்தக் கதை நமக்குக் கிடைத்தே இருக்காது.

பிகோச்சு வண்டு எபிசோடு ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஜப்பானில் ஒருவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த 19 பக்கத்தை வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்து முடிக்கும்வரை அந்தக் கதையில் கை வைக்காமல் இடத்தைப் பார்த்துக்கொண்டவர்கள்தான் அந்த எபிசோடுகளை எடுத்தார்கள். அலுப்புத் தட்டியது உண்மைதான். ஆனால் பீரோ இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே நண்பர்களே, ஃபில்லரைத் தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், தப்பே இல்லை. ஆனால் "சோம்பேறிகள்" என்று மட்டும் திட்டாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஃபில்லர் எபிசோடு எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

பி.கு: இந்த இடத்தில் உண்மையில் வர வேண்டியது 'சந்திரயான்' கட்டுரை. எழுதுகிறவன் இன்னும் முடிக்கவில்லை. அவசரப்படுத்த வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். அதனால்தான் என்னை எழுதச் சொன்னார்கள். ஆமாம், நீங்கள் இவ்வளவு நேரம் நின்றுகொண்டு படித்ததும் ஒரு ஃபில்லர்தான்!



இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்