ஏலமலை லயங்களுக்குச் சொல்லாமல் வரும் விருந்தாளிகள்
போடி ரயில் திரும்பியதால் சனிக்கிழமைகளில் ஆனந்தம்

உடும்பஞ்சோலை:

ஏலக்காட்டில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழைய குறை உண்டு. பொங்கலுக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இவர்கள்தான் மலையை விட்டு இறங்கிப் போக வேண்டும். கீழே இருக்கும் சொந்தபந்தங்கள் மேலே ஏறி வருவது அபூர்வம். "நீங்கள்தானே வருவீர்கள்" என்று அவர்களும் இருந்துவிடுவார்கள். ஆகவே, முன்னறிவிப்பு எதுவும் இன்றிச் சொந்தக்காரர் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்றார் என்றால், அது அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த வரிசை முழுவதற்குமே திருநாள்தான்.

அப்படிப்பட்ட திருநாள்கள் கூடியிருப்பதற்குக் காரணம் போடிநாயக்கனூர் ரயில்.

பன்னிரண்டரை ஆண்டு

மதுரை - போடி பாதையின் கதை மேடு பள்ளம் நிறைந்தது. மலைச் சரக்கை மனத்தில் வைத்து 1928-ல் திறக்கப்பட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் போட்டார்கள். 2010-ஆம் ஆண்டின் கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயிற்று. 2022 மே மாதம் தேனி வரை வண்டி வந்தது. மிச்சமிருந்த 15 கிலோமீட்டரும் முடிந்து, 2023 ஜூன் 15 அன்றுதான் போடி ஸ்டேஷனில் மறுபடி கூவல் கேட்டது. பழைய வண்டி நின்றபோது பிறந்த குழந்தை அதற்குள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது.

மதுரை வண்டியோடு, சென்னை சென்ட்ரலில் இருந்து வாரம் மூன்று நாள் எக்ஸ்பிரஸும் விடப்பட்டது. இந்தச் சென்னை வண்டியின் கிழமைகளில்தான் விஷயமே இருக்கிறது. வெள்ளி இரவு சென்ட்ரலில் ஏறினால் சனி காலை போடி. ஞாயிறு இரவு போடியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. லீவு எழுதிக் கொடுக்காமலேயே ஊர் பார்த்துத் திரும்பலாம். கால அட்டவணை போட்டவர்கள் ஏலமலை லயங்களை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் நினைத்துப் போட்டது போலவே அமைந்துவிட்டது.

இந்த மலையில் காய் எடுத்த கூலியில் படித்து, சென்னையில் கடையிலும் கம்பெனியிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். முன்பெல்லாம் அவர்கள் மதுரையில் இறங்கி, பஸ் மாறி, மலை ஏறி வந்து சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். வந்த களைப்பு ஆறும் முன்பே திரும்ப வேண்டியிருந்தது. அதனால் பலர் வராமலே இருந்துவிட்டார்கள்.

எதிர்த்திசைப் பிரயாணம்

தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன்பே ஜீப்புகள் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலை ஏறிவிடுகின்றன. சாயங்காலம் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக்கொண்டு போகின்றன. விருந்தாளியோ காலை பத்து மணிக்கு மேல், போடியில் வெயிலில் நின்று பஸ் பிடிக்கிறார். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைந்ததும் மூடுபனி எதிர்கொள்கிறது. பூப்பாறை, சாந்தன்பாறை தாண்டி உடும்பஞ்சோலை வருவதற்குள், அரைக்கைச் சட்டையோடு வந்த பேரப்பிள்ளைகளுக்குப் பல் கிட்டிப் போகிறது. முதல் வேலையாகப் பாட்டியின் கம்பளிக்குள் புகுந்துகொள்கிறார்கள்.

ஆனால் பாட்டி வீட்டில் இருந்தால்தானே! சனிக்கிழமை தோட்டத்துக்கு வேலை நாள். ஆடி, ஆவணி பிறந்துவிட்டால் காய் எடுப்பு மும்முரம். ஏலச் செடிக்குக் காய் மேலே தொங்குவதில்லை. தூரில் இருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்ப்பதால், நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். பள்ளத்துக்குள் செல்போன் எடுபடாது. எனவே சேதி பழைய முறையிலேயே போகிறது. டீக்கடையில் விசாரித்ததும் ஒரு பையன் ஓடுகிறான். ஒரு நிரையில் இருப்பவர் அடுத்த நிரைக்குக் குரல் கொடுக்க, விருந்தாளி லயத்துத் திண்ணையில் உட்காரும் முன்பே, "உன் மகன் வந்திருக்கானாம்" என்பது தாயின் காதுக்கு எட்டிவிடுகிறது.

கூலியா, பிள்ளையா?

அந்த நிமிஷத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். உடனே போனால் மிச்சப் பொழுதின் கூலி போயிற்று. நின்று முடித்துவிட்டுப் போனால், இரண்டு நாளைக்கென்று வந்த பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் அரை நாள் போயிற்று. கூடையைப் பக்கத்து நிரைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. சாயங்காலம் வரை கை காயிலும் மனம் லயத்திலுமாக நிற்கிறவர்களும் உண்டு. பின்னவர்களைக் கல்நெஞ்சு என்று சொல்லிவிடக் கூடாது. வந்த பிள்ளைக்குக் கோழி அடிக்கவும் அந்தக் கூலிதான் வேண்டியிருக்கிறது.

பிசின் கறுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வரும் எந்தத் தாயும் முதலில் கேட்பது ஒன்றேதான்: "வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?" சொல்லியிருந்தால் இந்தச் சந்தோஷம் ஏது?

வந்தவர்கள் கீழிருந்து முருங்கைக்காய், நிலக்கடலை, கருவாடு, முறுக்கு என்று பை நிறையக் கொண்டுவருகிறார்கள். திரும்பும்போது காப்பித்தூள், மிளகு, கப்பைக் கிழங்கு என்று அதே பை நிறைகிறது. ஏலக்காய் வேண்டும் என்றால் மட்டும் கடையில்தான் வாங்கித் தர வேண்டும். நாளெல்லாம் ஏலக்காய் எடுக்கும் கை, தோட்டத்துக் காயில் ஒன்றைக்கூட மடியில் முடிய முடியாது.

அடைபட்ட நாட்கள்

இந்த வருகைகளுக்கு இத்தனை மதிப்பு இருப்பது, வர முடியாமல் போன காலத்தையும் இம்மக்கள் கண்டிருப்பதால்தான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்னை கொதித்தபோது எல்லைப் போக்குவரத்து நின்றது. உடும்பஞ்சோலை வட்டாரத்தில் இருந்து குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகச் சோதனைச் சாவடிகள் அடைபட்டன. பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் கடக்க முடியவில்லை. மலை மேல் நின்றால் ஊர் விளக்குகள் தெரிந்தன. ஊருக்குப் போகத்தான் வழி இல்லை. அந்த மாதங்களைத் தாண்டி வந்தவர்களிடம், "இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லி எளிதில் ஒப்பேற்ற முடியாது.

ஞாயிறு பிற்பகலே பஸ் நிறுத்தத்தில் வழியனுப்பக் கூட்டம் கூடிவிடுகிறது. மழை பெய்தால் மலைப் பாதையை நம்ப முடியாது. இரவு வண்டியை விட்டால் திங்கள் வேலை போய்விடும். அதனால் மூன்று மணிக்கே, "கிளம்பு, கிளம்பு" என்று விரட்டுவதும் தாய்தான். பஸ் கிளம்பியதும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி நடப்பதும் அவள்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீண்டும் கூடை, மீண்டும் நிரை. பொட்டலத்தில் மீந்த முறுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், சனிக்கிழமை அவள் கூடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து நிரைக்காரிக்கு முதலில் போகிறது.