‘நேரமில்லை’ என்றால் என்ன பொருள்?

வானொலியில் வேலை, குடும்பம் என்று பேச்செடுத்தாலே நேயர்கள் சொல்லும் முதல் சொல் “நேரமில்லை”. கிள்ளானிலிருந்து நெரிசலில் கோலாலம்பூர் வந்து போகும் அப்பாவும் அதைச் சொல்கிறார். பிற்பகலிலேயே வீடு திரும்பும் ஆசிரியையும் அதையேதான் சொல்கிறார். இருவருக்கும் குறை நேரம்தானா?

1985இல் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இழுபறியை மூன்றாகப் பிரித்தார்கள். முதலாவது நேரம்: ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இரண்டாவது மன அழுத்தம்: உடல் வீட்டில் இருந்தாலும், அலுவலகத்தின் களைப்பும் கவலையும் கூடவே வந்துவிடுகின்றன. மூன்றாவது நடத்தை: வேலையில் பலன் தரும் பழக்கம் வீட்டுக்கு உதவாது. என் தொழிலையே பாருங்கள். ஒலிபரப்பில் சில விநாடி மௌனம்கூடப் பிழை. வீட்டிலோ, பிள்ளை யோசித்து வாய் திறக்கும்வரை அந்த மௌனத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

நோய் மூன்று என்றால் மருந்தும் மூன்று. களைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போவது மட்டும் போதாது. வேலைச் சுமையும் குறைய வேண்டும். நேரம்தான் சிக்கல் என்றால், சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தையருக்கு 7 நாள் தந்தது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

“கேட்டால் தவறாக நினைப்பார்களோ?” என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. சீனாவின் டிரிப்.காம் நிறுவன ஊழியர்கள் 1,612 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரம் குறையவில்லை. கேட்பது சலுகை மட்டுமல்ல, முதலாளிக்கும் லாபம்தான்.

ஆனால், அம்மா மட்டுமே விண்ணப்பித்தால் வீட்டுச் சுமை மீண்டும் அவர் தலையில்தான் விழும். அப்பாக்களும் அந்தக் கடிதத்தை எழுத வேண்டும்.