அம்மியே பறக்குமாம்... உங்க சைக்கிள்?

காலை மணி எட்டேகால். முதல் பீரியட் ஒன்பதுக்கு. பஸ் ஸ்டாப்பில் கூட்டம் பிதுங்குது. 'நமக்கென்ன கவலை, பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருக்கே!'ன்னு கெத்தா ஏறி உட்கார்ந்து மிதிக்கிறீங்க. தெருமுனை திரும்பினதும் முகத்தில் ஒரு 'பளார்'! அறைஞ்சது ஆள் இல்லை... காத்து! எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகர மாட்டேங்குது. செயின் கழன்றுடுச்சோன்னு குனிஞ்சு வேற பார்க்கறீங்க. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை பாஸ். ஆடி மாசம் வந்தாச்சு, அவ்வளவுதான்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சீசன். மேற்குத் தொடர்ச்சி மலை அதை ஒரு நீளமான சுவர் மாதிரி நின்னு தடுக்குது. ஆனா, அந்தச் சுவரில் சில ஜன்னல்கள் திறந்தே கிடக்கு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய்... இந்த ஜன்னல்கள் வழியாக் காத்து பிய்ச்சுக்கிட்டு வரும். உடுமலைப்பேட்டை, கயத்தாறு, முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். காற்றாலைக்கு நல்ல இடம்னா சைக்கிளுக்குக் கஷ்டமான இடம்னு அர்த்தம்!

அண்ணாச்சி சொன்ன பாடம்

நான் இதை முழங்கை கிழிஞ்சு கத்துக்கிட்டேன். ஊர், ஆரல்வாய்மொழி பக்கம். காலேஜ், நாகர்கோவில். அன்னைக்கு இன்டர்னல் டெஸ்ட். வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். வலது பக்கமிருந்து சாய்வா அடிச்சது காத்து. நானும் வலப் பக்கமா லேசா சாய்ஞ்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சேன். அப்போ ஒரு லாரி என்னை ஓவர்டேக் செய்தது. காத்து சட்டுனு நின்னுபோச்சு! லாரி மறைச்சுக்கிச்சு. நான் சாய்ஞ்சிருந்த பக்கமே சைக்கிள் இழுத்துக்கிட்டுப் போச்சு... லாரியை நோக்கி! பதறி ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் வெட்டறதுக்குள்ள லாரி தாண்டிடுச்சு. நின்ன காத்து மொத்தமா வந்து மோதுச்சு. ரோட்டோரப் பள்ளத்தில் நான், எனக்கு மேலே சைக்கிள். ஒரு ஜாண் வலப் பக்கம் போயிருந்தா, இந்தக் கட்டுரையை வேற யாராவதுதான் எழுதியிருக்கணும்.

பக்கத்து டீக்கடை அண்ணாச்சி தூக்கி உட்கார வெச்சு, தண்ணி கொடுத்துட்டுக் கேட்டார்: "எதுக்குல காத்துகூட சண்டை போடுத?"

"டெஸ்ட் இருக்கு அண்ணாச்சி. காத்து எதிர்த்து எதிர்த்து வீசுது..."

"அது உன்னை எதிர்த்து வீசல மக்கா. அது பாட்டுக்குப் போகுது. நீதான் அரை மணி நேரம் முன்ன கிளம்பியிருக்கணும்."

டெஸ்ட் போச்சு. ஆனா, அண்ணாச்சி சொன்னது எந்த சிலபஸ்லயும் இல்லாத பாடம். காத்தை ஜெயிக்க முடியாது. நேரம் கொடுத்தா, அது நம்மளை விட்டுடும்!

கணக்கு என்ன சொல்லுது?

'இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சா போயிடலாமே'ன்னு தோணுதா? இந்தக் கணக்கைப் பாருங்க.

காத்தே இல்லாத நாளில் நீங்க மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போறீங்க. இன்னைக்கு எதிர்க்காற்றும் 15 கி.மீ. வேகத்தில் வருது. அப்போ உங்க முகத்தில் மோதற காத்தோட வேகம் 30 கி.மீ., அதாவது இரண்டு மடங்கு. ஆனா காத்து தர்ற தடை இரண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு! தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி எகிறும். பிசிக்ஸ் மேஜர் பசங்களைக் கேட்டுப் பாருங்க. அதே வேகத்தில்தான் போவேன்னு நீங்க அடம்பிடிச்சா, காத்தைக் கிழிக்க மட்டும் நாலு மடங்கு சக்தியைச் செலவழிக்கணும். முதல் பீரியட்ல தூக்கம் வராம என்ன செய்யும்?

'போகும்போது எதிர்க்காற்றுன்னா, வரும்போது பின்காற்றுதானே... சரியாப் போச்சு!'ன்னு சந்தோஷப்படறவங்களுக்கு இன்னொரு கணக்கு. காலேஜ் 10 கி.மீ. தூரம். 15 கி.மீ. வேகத்தில் போக 40 நிமிஷம், வர 40 நிமிஷம், மொத்தம் 80. காத்தடிக்கிற நாளில் போகும்போது வேகம் 10 ஆக் குறைஞ்சா, 60 நிமிஷம். வரும்போது 20 ஆக் கூடினா, 30 நிமிஷம். மொத்தம் 90! காத்து கடன் வாங்கினா முழுசாத் திருப்பித் தராது. அதுவும் காலையில, நீங்க அவசரத்துல இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் வாங்கும்!

மிதிக்கிறதுல இருக்கு மேட்டர்

காத்து நாளில் வேகத்தைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க. பக்கத்தில் வர்ற நண்பனோட பேசிக்கிட்டே மிதிக்க முடியுதா? அதுதான் சரியான அளவு. கியர் வண்டின்னா லேசான கியருக்கு மாறுங்க. கியர் இல்லையா? நோ ப்ராப்ளம். மெதுவாப் போறதுதான் உங்க கியர்.

காத்து தடுக்கறது சைக்கிளை விட உங்க உடம்பைத்தான். அதனால் முழங்கையை லேசா மடக்கி, முன்பக்கமா குனிஞ்சுக்குங்க. ஹீரோ மாதிரி சட்டையைத் திறந்து விட்டுட்டுப் போனா, அது பாய்மரமா விரிஞ்சு உங்களைப் பின்னால தள்ளும். தோழிகளே, துப்பட்டாவை இறுக்கி முடிச்சுப் போட்டுக்குங்க. காத்தில் பறந்து சக்கரக் கம்பியில் சிக்கினா, கழுத்துக்கே ஆபத்து.

இரண்டு மூணு பேரா போறீங்களா? ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க. முன்னால போறவர் காத்தை வாங்கிக்க, பின்னால வர்றவருக்கு மிதிக்கிறது லேசாகும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்குங்க. சும்மா பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வர்ற மச்சானை, கேன்டீன்ல சமோசா வாங்கித்தரச் சொல்லுங்க! ஒரே ஒரு எச்சரிக்கை: முன் வண்டியின் பின் சக்கரத்தோட உங்க சக்கரம் உரசக் கூடாது.

லாரி, பஸ் பின்னால வர்ற சத்தம் கேட்டா, மிதிக்கிறதை மெதுவாக்கி, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடிச்சுக்குங்க. சுவர், பெரிய கட்டடம், பாலம் முடியற இடத்திலும் இதே உஷார் வேணும். மறைஞ்சிருந்த காத்து அங்கேதான் பாயும்.

காத்துக்கு ஒரு சாம்பியன்ஷிப்!

காத்தைத் திட்டறவங்க மத்தியில், அதைத் தேடிப் போறவங்களும் இருக்காங்க. மலையே இல்லாத, சைக்கிள் நிறைஞ்ச நெதர்லாந்து நாட்டில் 2013-ல் 'எதிர்க்காற்று சைக்கிள் சாம்பியன்ஷிப்' ஆரம்பிச்சாங்க. இடம், கடலோரமா நிற்கிற ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை. தூரம், 8.5 கி.மீ. தேதி முன்கூட்டியே கிடையாது. புயல்காத்து அடிக்கும்னு வானிலை முன்னறிவிப்பு வந்தாத்தான், சில நாள் முன்னால போட்டியை அறிவிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி சாதாரண சைக்கிள், கியரே கிடையாது!

கேட்கவே ஜாலியா இருக்கில்ல? ஆனா அது போட்டி. நாம போறது காலேஜுக்கு. முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது, முழுசா வந்தவருக்குத்தான் அட்டெண்டன்ஸ்!

மழையும் சேர்ந்துக்கிட்டா?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் கதையே வேற.

* நனைஞ்ச இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாடியே லேசாப் பிடிச்சு, ரிம்மில் இருக்கும் தண்ணியைத் துடைச்சுட்டு, அப்புறம் அழுத்துங்க.

* ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில்... இந்த சர்க்கஸ் வேண்டாம். காத்து குடையைத் திருப்பினா, குடையோட நீங்களும் திரும்புவீங்க. தொளதொளன்னு பறக்கற மழைக்கோட்டும் அப்படித்தான். மேல்சட்டை, பேன்ட்னு தனித்தனியா இருக்கிற ரெயின்கோட் நல்லது.

* தேங்கின தண்ணிக்கு அடியில் குழி இருக்கலாம், மூடி இல்லாத சாக்கடையும் இருக்கலாம். ஆழம் தெரியலைன்னா இறங்கித் தள்ளுங்க. ரோட்டில் பெயின்ட் அடிச்ச வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரயில் தண்டவாளம் எல்லாமே மழையில் சோப்பு மாதிரி. தண்டவாளத்தை நேர்க்குத்தாக் கடங்க.

* ரெக்கார்டு நோட், ஹால் டிக்கெட், செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் சுத்தி, பைக்கு நடுவில் வைங்க. வீடு திரும்பினதும் செயினைத் துடைச்சு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

இறங்கிடுங்க ப்ளீஸ்!

சில நாள் சைக்கிளை எடுக்கவே கூடாது. இடி இடிக்குதா? 'டயர் ரப்பர்தானே, மின்னல் ஒண்ணும் செய்யாது'ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. அந்த ரப்பர் மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. இறங்கி, மரத்தடிக்குப் போகாம, ஒரு கட்டடத்துக்குள்ள போயிடுங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனப்புறம் கிளம்பினால் போதும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தப்போ, சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ஞ்சது ஞாபகமிருக்கா? புயலின் கண் நம்ம ஊரைக் கடக்கும்போது காத்து திடீர்னு ஓய்ஞ்சுபோகும். 'அப்பாடா, முடிஞ்சது'ன்னு கிளம்பிடாதீங்க. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். புயல் போனப்புறமும் அறுந்து கிடக்கிற மின்கம்பி இருக்குதான்னு பார்த்துத்தான் கால் வைக்கணும்.

'லேட்டாப் போனா புரொபசர் திட்டுவாரே'ன்னு பயமா? நேத்து ராத்திரியே வானிலைச் செய்தியைப் பாருங்க. காத்துன்னா அரை மணி நேரம் முன்னால கிளம்புங்க. ரெட் அலர்ட்னா, வகுப்புத் தோழருக்கு ஒரு போன் போட்டுட்டு வீட்டிலேயே இருங்க. விட்டுப்போன நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். உங்களை ஜெராக்ஸ் எடுக்க முடியாதே!

நானும் அந்த டெஸ்ட்டை அப்புறம் எழுதி பாஸ் பண்ணிட்டேன். காத்து இன்னும் அதே ரோட்டில் வீசிக்கிட்டுத்தான் இருக்கு. அது உங்களை எதிர்த்து வீசல, மக்கா. கொஞ்சம் முன்ன கிளம்புங்க!