முதலாளியும் நானே... ப்யூனும் நானே!

'சொந்தமா பிசினஸ் பண்றேன்' என்று ஏதாவது கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்றாங்க?' என்பதுதான் அடுத்த கேள்வி. 'நான் ஒருத்தன்தான்' என்றால் போச்சு. கேட்டவர் சட்டென்று பந்தி எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்!

அடியேனுடையது அந்த மாதிரி ஒற்றை ஆள் கம்பெனி. மதுரையில் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, காதுகுத்து ஃப்ளெக்ஸ்... டிசைன் என்னுடையது. அச்சாவது சிவகாசியில். நிர்வாக இயக்குநர், டிசைனர், கணக்குப்பிள்ளை, டீ வாங்கி வரும் பையன் எல்லாம் நானே. லீவ் லெட்டரை நானே எழுதி நானே சாங்ஷன் செய்துகொள்கிறேன். போனஸ் பேச்சுவார்த்தை மட்டும் எனக்கும் எனக்கும் இடையே இழுபறியில் இருக்கிறது.

'எப்படா இந்த மேனேஜர் மூஞ்சியில முழிக்காம சொந்தமா ஒண்ணு ஆரம்பிப்போம்' என்று பல்லைக் கடிக்கும் ஆபீஸ் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்கு ஒரு சேதி. மேனேஜர் ஒழியும்போது கூடவே வேறு மூன்று சமாச்சாரங்களும் ஒழிந்துவிடும். ஒன்பதரை மணி என்று ஒன்று இருக்காது. 'அந்த ஃபைல் என்னாச்சு?' என்று கேட்க ஆள் இருக்காது. மாசக் கடைசியில் தானாக வந்து விழும் சம்பளம் இருக்காது. மூன்றையும் நாமே தயாரித்துக்கொள்ள வேண்டும். தொழில் தெரியாமல் கடையை மூடியவர்களைவிட, இந்த மூன்றும் கைவராமல் மூடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்பதரை மணி. வீட்டு மாடியில் ஆபீஸ் என்றால் வீட்டாரைப் பொறுத்தவரை நாம் 'சும்மா' இருக்கிறோம் என்று அர்த்தம். 'மாப்ளே மாடியில சும்மாத்தானே இருக்காரு, கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வெக்கச் சொல்லு' என்று மாமியார் போனில் சொல்வது எனக்கே கேட்கும். இதற்கு வாதம் செய்து பிரயோஜனம் இல்லை. நான் செய்தது சின்ன வேலை. குளித்து, பேன்ட் சட்டை மாட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் 17 படி ஏறுகிறேன். முதல் வாரம் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது மாதம் சிலிண்டர்காரரிடம் 'ஸார் ஆபீஸ் போயிருக்காங்க, சாயங்காலம் வாங்க' என்று அவளே சொல்லி அனுப்பினாள்!

அடுத்தது, எந்த வேலையை எப்போது செய்வது. இதில் எனக்கு குரு எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர். அவரும் ஒற்றை ஆள் கம்பெனிதான். காலை ஆறரைக்குப் பெட்டியில் கரி போடுவார். கங்கு நன்றாகப் பிடித்து, தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று சத்தம் வரும் நேரத்தில் கஞ்சி போட்ட காட்டன் புடவைகள், வேட்டிகள். சூடு கொஞ்சம் இறங்கியதும் டெரிகாட்டன் சட்டைகள். கங்கின் மேல் சாம்பல் பூக்கும்போது பாலியஸ்டர், பட்டு. இந்த வரிசையை யாருக்காகவும் மாற்ற மாட்டார். ஒருநாள் நானே ஒரு பாலியஸ்டர் சட்டையை நீட்டி, 'அவசரம்ணே' என்றேன்.

'இப்ப வெச்சா பெட்டியோட ஒட்டிக்கும் தம்பி. இந்தச் சூட்டை உங்க சட்டைக்காக ஆற வெச்சா, அந்த இருபது புடவைக்கு நான் மறுபடி கரி போடணும். பத்தரைக்கு வாங்க' என்றார்.

கரி வீணாகக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய நிர்வாகவியல். இப்போது பல வண்டிகளில் கேஸ் பெட்டி வந்துவிட்டது. என் மண்டைக்குள் இருப்பது இன்னும் கரிப்பெட்டிதான். அது சூடாக இருப்பது காலை 9 முதல் 11 வரை. அந்த இரண்டு மணி நேரம் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்ப்பதற்கு மட்டும். வெளியில் இருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். உள்ளே இறங்கினால் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தாத்தா பாட்டி வரை இனிஷியல் சரியாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் டிகிரியில் புள்ளி விட்டுப்போகக் கூடாது. நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு வாசித்துச் சரிபார்ப்பேன். ஓர் எழுத்து தப்பினால் 500 பத்திரிகையும் என் செலவில் மறுபடி அச்சாக வேண்டும். அந்த நேரத்தில் போனை சைலன்ட்டில் போட்டு மேஜை டிராயருக்குள் தள்ளிவிடுவேன். கொட்டேஷன், பார்சல், வாட்ஸ்அப் பதில் எல்லாம் சாம்பல் பூக்கும் நேரத்து வேலைகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத் தூக்கத்திலேயே செய்துவிடலாம்.

இத்தாலியில் ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தில் 25 நிமிஷம் வைத்து வேலை, பிறகு 5 நிமிஷம் ஓய்வு என்று ஒரு முறை கண்டுபிடித்தார். பலருக்கு ஒத்துவருகிறது. எனக்குச் சூடு பிடிக்கவே 20 நிமிஷம் ஆகும் என்பதால் தக்காளியைச் சாம்பாருக்கு விட்டுவிட்டேன்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு என் சிபாரிசு அந்தோனி ட்ராலோப். இங்கிலாந்துக்காரர், தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று நாவல் எழுதுவார். தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே குதிரைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு அதிகப்படி சம்பளம்! 1867-ல் தபால் வேலையை விடுவதற்குள் பேர் பெற்ற நாவலாசிரியர் ஆகிவிட்டார். மொத்தம் 47 நாவல்கள். சொந்தத் தொழில் ஆசை இருந்தால், ராஜினாமா லெட்டரை எழுதும் முன்பு ஆறு மாதம் ஐந்தரைக்கு எழுந்து அந்தத் தொழிலைச் செய்து பாருங்கள். (அரசு ஊழியர்கள் முதலில் நடத்தை விதிகளைப் படித்துக்கொள்ளவும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது!)

இனிமேல்தான் கசப்பு மருந்து. பணம் கேட்பது.

ஆபீஸில் நாம் யாரிடமும் போய் 'என் காசைக் கொடுங்க' என்று கேட்டதில்லை. தனித் தொழிலில் அது தினசரி வேலை. ஒருவரிடம் காசு கேட்க நல்ல நேரம் எது என்று நான் ஒரு ஆராய்ச்சியே செய்திருக்கிறேன். காலையில் கேட்டால் 'இன்னும் போணியே ஆகலியே ஸார்!' சாயங்காலம் கேட்டால் 'விளக்கு வெச்சாச்சே!' வெள்ளிக்கிழமை லட்சுமி வெளியே போகக் கூடாது. சனிக்கிழமை அக்கவுன்டன்ட் லீவு. திங்கள் ஏழரைக்கு, சனி ஒன்பதுக்கு, வெள்ளி பத்தரைக்கு என்று ராகு காலம் வேறு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் நிற்பது புதனும் வியாழனும், காலை 11 மணி. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள்! அந்த இரண்டு நாளும் 11 முதல் பதினொன்றரை வரை எனக்கு வேறு வேலை கிடையாது. நோட்டை எடுத்து, பாக்கிக்காரர்களை வரிசையாகக் கூப்பிடுவேன்.

போன வருஷம் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) 84,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தது. பங்குனியில் கொடுத்த சரக்கு. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆகவே எனக்கு வரவும் கிடையாது. ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் வந்து காத்திருக்கின்றன. சிவகாசி பிரஸ்ஸுக்கு முன்பணம் கட்டினால்தான் மெஷினில் ஏறும். அந்த ஆர்டர்கள் கைநழுவினால் பையனின் ஸ்கூல் ஃபீஸோடு சேர்ந்து கடையும் ஆட்டம் காணும் நிலைமை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் இரண்டாவது தோசை கேட்காததிலிருந்தே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

நான் சண்டை போடவில்லை. ஒவ்வொரு புதனும் 11 மணிக்கு ஒரே கேள்வி: 'எந்தத் தேதியில ஸார்?' அவர் சொல்லும் தேதியை நோட்டில் எழுதிக்கொள்வேன். தேதி தாண்டிய அடுத்த புதன், 'போன தடவை 14-ம் தேதின்னீங்க ஸார், அதான் கேட்டேன்.' நாலாவது தேதியும் பொய்த்ததும் ஒரு கடிதம் எழுதினேன். மிரட்டல் எதுவும் இல்லை, சட்டம் மட்டும். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, 'உத்யம்' பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் பாங்க் அறிவிக்கும் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. போதாததற்கு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, கெடு தாண்டினால் பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியும். இந்தக் கடைசி வரி முதலாளிக்குப் புரியாவிட்டாலும் அவருடைய ஆடிட்டருக்கு உடனே புரிந்துவிடும்! ஆடிக் கடைசியில் பாதி வந்தது, ஆவணி முதல் வாரத்தில் மீதி. அவர்கள் இன்றைக்கும் என் வாடிக்கையாளர்கள்தான். பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான் கம்ப்யூட்டரையே ஆன் செய்கிறேன்.

உத்யம் பதிவு இலவசம். 'ரெண்டாயிரம் கொடுங்க, முடிச்சுத் தரேன்' என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

சம்பள விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஒரு பாங்க் கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. 5-ம் தேதி கடைக் கணக்கிலிருந்து வீட்டுக்குக் குறிப்பிட்ட தொகை மாறும். வைகாசியில் கொட்டினாலும் அதே தொகை, மார்கழியில் காய்ந்தாலும் அதே தொகை. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் அன்றைய வரவு செலவை எழுதிவிடுவதால், மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டும் எனக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் மற்ற தேதிகளைப்போலவே விடிகின்றன.

ஆறு மணிக்கு, மறுநாள் காலை முதல் வேலை என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கீபோர்டு மேல் வைத்துவிட்டு, 17 படி இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு வருகிற போனுக்குக் காலையில்தான் பதில்.

போன மாதம் ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு பெண்ணின் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஏழு செய்திகள். 'ஸார், குடி முழுகிடுச்சு. மாப்பிள்ளை பேருல ஒரு 'க்' விட்டுப் போச்சு. உடனே பிரஸ்ஸை நிறுத்துங்க!' காலையில் எழுந்துதான் பார்த்தேன். எட்டாவது செய்தி ஆறு மணிக்கு வந்திருந்தது.

'மன்னிக்கணும் ஸார், கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'க்' இருக்கு.'