ஐடிலிங் திருகைத் தொடும் முன்

பழைய கார் – தொடர் 11

ஹவுராவில் ஓடும் கார் ஓடுவதை விட நிற்பதே அதிகம் என்று சொன்னால் அந்த ஊரை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ரயில் நிலைய வாசலில் வரிசை, ஜி.டி. ரோட்டில் நெரிசல், 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் மீது அங்குலம் அங்குலமாக நகரும் கூட்டம், கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகளுக்குப் பின்னால் காத்திருப்பு. இப்படிப்பட்ட ஊரில் எஞ்சின் எத்தனை வேகம் எடுக்கும் என்பதை விட, ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். நம் பட்டறைகளில் அதை ஸ்லோ ஸ்பீட் என்றும் ஐடிலிங் என்றும் சொல்வார்கள். பத்து, பதினைந்து வயதான பெட்ரோல் காரில் முதலில் கெடுவதும் அதுதான். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் அதிர்கிறது, ஆர்.பி.எம். முள் ஏறி ஏறி இறங்குகிறது, ஏ.சி. போட்டால் வண்டி ஆஃப் ஆகிறது. உடனே விழும் தீர்ப்பு: ‘த்ராட்டில் சென்சார் போச்சு, மாத்திடலாம்.’ இந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பழைய கார்களில் த்ராட்டில் சென்சார் கோளாறு என்று பெயர் பெறுவதில் கணிசமான பகுதி, கார்பரேட்டர் காலத்துப் பழக்கத்தில் ஒரு திருகைத் திருப்பியதால் மனிதக் கையால் உண்டானது.

இதை ஹவுராவை வைத்துப் பேசக் காரணம் உண்டு. ஹவுராவிலிருந்து பர்த்தமான் செல்லும் மெயின் லைனில் உத்தர்பாராவைத் தாண்டினால் ‘ஹிந்த் மோட்டார்’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-இல் அங்கே இடம் மாறியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர், 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை அங்கேதான் உருவானது. ஆற்றின் அந்தக் கரையிலிருந்த பட்டறைகளின் கைப்பழக்கம் முழுவதும் இந்த ஒரு காரைச் சுற்றி வளர்ந்தது. பெலிலியஸ் ரோட்டின் லேத் பட்டறைகளில் எந்த உதிரியையும் கடைந்து தரும் கைகள் உண்டு. ஆற்றைக் கடந்து கொல்கத்தாவுக்குள் போனால் பழைய உதிரிகளுக்கு மல்லிக் பஜார். நம் புதுப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாகத் தெரியாது. அந்த மிஸ்திரிகளின் திறமை மீது எனக்கு ஐயமே இல்லை. அந்தத் திறமை எந்த இயந்திரத்தின் மீது பழகியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கார்பரேட்டர் எஞ்சினில் ஐடிலிங் என்பது இரண்டு திருகுகளின் வேலை. ஒன்று, த்ராட்டில் தகடு முழுதாக மூடிவிடாமல் ஒரு மயிரிழை திறந்து வைக்கும். மற்றொன்று, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்தும். காதை வைத்துக் கேட்டு, கால் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று திருப்பி, எஞ்சின் சீராக முனகும் இடத்தில் நிறுத்துவதே டியூனிங். அங்கே காதுதான் நீதிபதி. வேறு நீதிபதி கிடையாது. 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் மாருதி 800 முதல் அம்பாசடரின் 1800 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சின் வரை எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் பீய்ச்சும் அமைப்புக்கு மாறின. (மஞ்சள் டாக்ஸிகளில் பெரும்பாலானவை டீசல், இந்தக் கதை அவற்றுக்குப் பொருந்தாது.) புதிய அமைப்பில் த்ராட்டில் தகடு ஐடிலிங்கில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். எஞ்சினுக்குத் தேவையான காற்று, தகட்டைச் சுற்றிப் போகும் பக்கவழியில் ஐடில் கன்ட்ரோல் வால்வு வழியாக வருகிறது. அந்த வால்வை எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி, அதாவது ஈ.சி.எம்., முடிவு செய்கிறது. திருகு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. தகடு குழாயின் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் தாங்குவதற்காகத் தொழிற்சாலையில் ஒரே முறை அமைத்து, பெயின்ட் புள்ளி வைத்து விட்டுவிட்ட திருகு அது.

இங்கேதான் த்ராட்டில் சென்சார் வருகிறது. பழைய கார்களில் அது பெரும்பாலும் ரேடியோவின் வால்யூம் குமிழ் போன்ற பொருள்தான். கார்பன் பூசிய ஒரு தடம், அதன் மேல் உரசி நகரும் ஒரு விரல், மூன்று வயர்கள். ஒரு வயரில் ஈ.சி.எம். 5 வோல்ட் தருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்டேஜாகத் திருப்பிச் சொல்லும் சிக்னல். மூடிய நிலையில் பொதுவாக அரை வோல்டுக்கு அருகிலும், முழுதாக மிதித்தால் நாலரை வோல்டுக்கு அருகிலும் இருக்கும். துல்லியமான எண் காருக்குக் கார் மாறும். மூடிய வோல்டேஜைப் பார்த்துத்தான் ‘ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார், இனி ஐடிலிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஈ.சி.எம். பொறுப்பை ஏற்கிறது. இப்போது ஐடிலிங் அடங்குகிறது என்று யாரோ அந்தத் திருகை ஒரு சுற்றுத் திருப்புகிறார். தகடு திறக்கிறது, ஆர்.பி.எம். ஏறுகிறது, வாடிக்கையாளர் திருப்தியாகப் போகிறார். ஆனால் மூடிய வோல்டேஜ் அரை வோல்டிலிருந்து முக்கால், ஒன்று என்று ஏறிவிட்டது. கால் மிதியில் இருப்பதாகவே ஈ.சி.எம். எண்ணுகிறது, ஐடில் வால்வைச் சரியாக ஆள மறுக்கிறது. இரண்டு வாரத்தில் ஆர்.பி.எம். ஊஞ்சலாடத் தொடங்கும். அப்போது ‘சென்சார்’ என்று தீர்ப்பு வருகிறது. புதுச் சென்சார் போட்டாலும் தகடு அதே கோணத்தில்தான் நிற்கும், வோல்டேஜும் அதேதான். சில கார்களில் ஈ.சி.எம். தாழ்ந்த வோல்டேஜையே மூடிய நிலையாகப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. அவற்றிலும் தேவைக்கு மேல் நுழையும் காற்றைக் குறைக்க வால்வு முழுதாக மூடிக்கொண்டு, அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் நின்றுவிடும்.

முதலில் ஐடிலிங் ஏன் அடங்கியது என்பதைக் கேட்காமல் திருகைத் தொட்டதுதான் பிழை. பெரும்பாலும் விடை எளியது: தகட்டின் விளிம்பிலும் பக்கவழியிலும் கருப்பாகப் படிந்த கார்பன். எஞ்சினின் எண்ணெய் ஆவியை மீண்டும் உள்ளே இழுக்கும் குழாய் வழியாக வரும் பிசுபிசுப்பும் காற்றின் தூசியும் சேர்ந்து காற்று போகும் வழியைச் சுருக்கிவிடுகின்றன. நின்று நின்று ஓடும் ஊரில் இது விரைவாகப் படியும். அதைத் துடைத்து எடுத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். துடைத்த பிறகு ஆர்.பி.எம். சில நாள் உயர்ந்து நிற்கலாம். அடைப்புக்கு ஏற்ப வால்வைத் திறந்து பழகிய ஈ.சி.எம். புதிய அளவைக் கற்க நேரம் வேண்டும். இரண்டாவது சந்தேகம், எங்கோ ஏர் எடுப்பது: வெடித்த ரப்பர் குழாய், காய்ந்த மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய். இதற்கு வேக்குவம் கேஜ் ஒன்று போதும். ஹவுரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரம்தான் என்பதால், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்ட வேண்டும். முள் அதற்குக் கீழே நிலையாக நின்றால் கசிவைத் தேடலாம், துடித்தால் பிளக், எஞ்சின் வால்வு பக்கம் போகலாம். கசிவைத் தேடச் சூடான எஞ்சின் மீது பெட்ரோலையோ கிளீனரையோ பீய்ச்சும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது தீ பிடிக்கும் வழி. தண்ணீரைத் தூவியே கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவதாக வயரிங். இதில் ஹவுராவுக்குத் தனி நியாயம் உண்டு. மழைக்காலத்தில் அந்த ஊரின் தாழ்ந்த தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். அதில் நின்ற காரின் கனெக்டர்களில் பச்சைப் பாசி போல் செம்பு அரிக்கும். எர்த் வயர் பிடித்த போல்ட் துருப்பிடிக்கும். ஸ்கேனர் இருந்தால் அது ‘பி 0122’ என்று காட்டலாம். அதன் பொருள் த்ராட்டில் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு என்பதுதான். சர்க்யூட் என்றால் சென்சார், மூன்று வயர்கள், கனெக்டர், ஈ.சி.எம். எல்லாமே அடங்கியது. சென்சாரை மாற்று என்று எந்தக் குறியீடும் சொல்வதில்லை. பல கார்களில் அதே 5 வோல்ட் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கும் போகிறது. அங்கே ஷார்ட் ஆனாலும் பழி இங்கே விழும். பல பழைய கார்களில் பொதுவான ஸ்கேனரைப் பொருத்தவே முடியாது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு இந்தியாவில் ஓ.பி.டி. 2 என்ற பொதுத் தரம் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். ஆனாலும் ஸ்கேனர் இல்லை என்பது சாக்காகாது. இந்த வேலைக்கு மல்டிமீட்டர் போதும்.

சென்சாரே கெடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. நெரிசல் ஊரில் ஓடும் காரில் அந்த விரல் தடத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஓயாமல் உரசுகிறது. அங்கேதான் கார்பன் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் சிக்னல் ஒரு கணம் அறுந்து மீண்டும் வரும். ஓட்டுநர் திடீரென்று மிதித்துவிட்டதாக எண்ணி ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்டும், எஞ்சின் தடுமாறும். இதைப் பிடிக்க இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், மிதியை மிக மெதுவாக அழுத்திச் சிக்னல் வோல்டேஜ் தடங்கலின்றி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எண் காட்டும் டிஜிட்டல் மீட்டர் அந்தக் கணநேர அறுபடலைத் தவறவிட்டுவிடலாம். ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் கிடந்த பழைய முள் மீட்டரில் முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். முள் துள்ளினால் சென்சாரை மாற்றுங்கள், தயக்கமே வேண்டாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது அனுபவ வாதம். முப்பது ஆண்டு பழகிய காதுக்கு மீட்டர் எதற்கு? எஞ்சின் சரியில்லை என்பதைக் காது சரியாகவே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அடைப்பும் கசிவும் தேய்ந்த தடமும் ஏறக்குறைய ஒரே தடுமாற்றத்தைத்தான் தருகின்றன. தவிர, கார்பரேட்டர் தன் குறையை மறைக்காது, ஈ.சி.எம். மறைக்கும். வால்வைத் திறந்தும் பெட்ரோலைத் திருத்தியும் அது பல மாதம் சமாளித்து, இனி முடியாது என்ற கட்டத்தில்தான் காதுக்குக் கேட்கவிடுகிறது. அதனால் காது தாமதமாகவே சாட்சி சொல்கிறது. அளப்பதற்கு நேரம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. மூடிய வோல்டேஜைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தவறான உதிரியைத் தேடி மல்லிக் பஜாருக்குப் போய்வர அரை நாள்.

கடைசி மறுப்பு கனமானது: எப்படியும் கழியப்போகும் வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு? 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்களைக் கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் உத்தரவிட்டது. ஹவுராவின் சுற்றுச்சூழல் ஆர்வலர் சுபாஷ் தத்தா தொடுத்த வழக்கில், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டு கடந்த வாகனங்களை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் கூறியது. அந்த ஊரின் காற்றைச் சுவாசிக்கும் மக்களின் பக்கம்தான் என் மனம். புகைக்குழாயிலுள்ள வயதான வினையூக்கியை எந்த டியூனிங்காலும் இளமையாக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலையை விட்டுப் போகும் நாள் வரை அந்த வண்டி பாலத்தின் மீது நின்று புகைவிடுகிறது. புகைச் சோதனையும் ஐடிலிங்கில்தான் அளக்கப்படுகிறது: பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். எல்லை, ஸ்டேஜ் 4 கார்களுக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். திருகைத் திருப்பி உயர்த்திய ஐடிலிங் காதுக்கு இனிமையாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். நகரத்தை விட்டு வெளியேறும் வண்டியும் மறைந்துவிடுவதில்லை. வேறு மாவட்டத்தில், வேறு பெயரில் ஓடுகிறது.

நம் ஊரிலும் 15 ஆண்டு முடிந்து மறுபதிவு வாங்கிய மாருதிகள், சான்ட்ரோக்கள், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே திருவள்ளூரில் தயாரித்த லான்சர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கார் சிக்னலில் அதிர்ந்தால், சென்சார் விலையைக் கேட்கும் முன் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூடிய நிலையில் சிக்னல் எத்தனை வோல்ட்? த்ராட்டில் திருகின் பெயின்ட் புள்ளி கலைந்திருக்கிறதா?